இரண்டு சக்கரமும் சுற்ற வேண்டும்

"ஒரு சக்கரம் சுத்துறது, இன்னொண்ணு சும்மா நிக்கிறது, இந்தக் கதையே இனி எனக்கு வேண்டாம். சுத்தினா ரெண்டும் சேர்ந்து சுத்தணும்" என்றாள் அவள்.

மெக்கானிக் அவளுடைய பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். ஊரில் அவருக்குப் பெயர் அரைநூல். எந்த வேலையிலும் அரை நூல் பிசகினால் போதும், மொத்தத்தையும் கழற்றிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வண்டியைக் கொடுத்தவன் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாலும் அசைய மாட்டார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? மழைக் காலத்துல சக்கரத்துக்குச் செயின் கட்டிக்க. நல்ல டயரா பார்த்துப் போட்டுக்க. குழிக்குப் போறவங்க எல்லாரும் அதைத்தானே செய்றாங்க?"

"செயின் கட்டினா ஏறலாம். முழு லோடோட நடுச்சரிவுல நிறுத்திட்டு, மறுபடி எடுத்து ஏற முடியுமா?"

"நடுச்சரிவுலயா? எந்தக் கிறுக்கன் அங்க நிறுத்துவான்?"

"நான் நிறுத்துவேன்."

அரைநூல் அவள் முகத்தைப் பார்த்தார். முழுவதும் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். ஓட்டு ஆலையின் களிமண் குழியில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அந்தக் கதை தெரியும். அந்த வண்டிகளையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அவள் புருஷனைக் குழியில் பெரியவன் என்பார்கள். அவன் தம்பி சின்னவன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிக்கப் வைத்துக் குழியிலிருந்து ஆலைக்கு மண் ஏற்றினார்கள். ஒரு தடவை பெரியவன் தம்பியின் ஸ்டெப்னி டயரை இரவல் வாங்கிப்போய், பஞ்சராக்கித் திருப்பிக் கொடுத்தான். பஞ்சர் நீ ஆக்கியது, இல்லை முன்பே இருந்தது என்று வார்த்தை தடித்தது. அவ்வளவுதான் சண்டை. கேட்டால் சிரிப்பீர்கள். அந்த ஒரு டயருக்காக ஐந்து வருஷம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

இருந்தது ஒரே வீட்டில். முன்பாதியில் ஒருவன், பின்பாதியில் ஒருவன். "அந்த ஆளைக் குழாயை மூடச் சொல்லு" என்று பெரியவன் அவளிடம் சொல்வான். அந்த ஆள் இரண்டடி தள்ளி நின்று பல் விளக்கிக்கொண்டிருப்பான். அவளும் திரும்பி, "தம்பி, குழாயை மூடணுமாம்" என்பாள். "மூடிட்டேன்னு சொல்லுங்க அண்ணி" என்பான் அவன். "மூடியாச்சாம்" என்று இவள் இந்தப் பக்கம் சொல்வாள். முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போக அதுவும் வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். களிமண் சரிவு எண்ணெய் தடவினது போல ஆகிவிட, மற்ற டிரைவர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் நிறுத்தாமல் தம்பி நிறுத்த மாட்டான், தம்பி நிறுத்தாமல் அண்ணன் நிறுத்த மாட்டான். அந்தப் பாழாய்ப்போன ரோஷத்தில் இரண்டு வண்டிகள் மட்டும் ஓடின. நடுச்சரிவில் பெரியவன் வண்டி சிக்கிக்கொண்டது. அதே நேரம் அவனுக்கு நெஞ்சு வலியும் வந்திருக்கிறது. பின்னால் வந்த சின்னவன் அண்ணனைத் தாண்டிப் போய், சற்று முன்னால் சரளை கொட்டிக் கெட்டியாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் நின்றான். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டான். மேலே தகரக் கொட்டகையில் இருந்த வாட்ச்மேன் இதைக் கண்ணால் பார்த்தார். அத்தனை மழையில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குழியில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கின வண்டியை விட்டுவிட்டு யாரும் போகக் கூடாது. ஜென்ம விரோதியாக இருந்தாலும் கயிறு போட்டு இழுத்துவிட்டுத்தான் மறு வேலை. கூடப் பிறந்தவனே விட்டுவிட்டுப் போனான்.

மழை விட்டு ஆட்கள் இறங்கிப் பார்த்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பெரியவன் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து கிடந்தான். எஞ்சின் முதல் கியரில் ஓடிக்கொண்டிருந்தது. பின்சக்கரங்களில் ஒன்று தான் தோண்டிய பள்ளத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மற்றது அசையவே இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் 'கொஞ்சம் முன்னால்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

"ஏண்டா விட்டுட்டுப் போனே?" என்று சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் சின்னவன் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவளும் அவனோடு பேசவில்லை. மூன்றே மாதத்தில் வண்டி ஓட்டப் பழகி, புருஷன் பிக்கப்பைத் தானே எடுத்துக்கொண்டு குழிக்கு வந்தாள். பொம்பளையால் முடியுமா என்று கேட்டவர்கள் கண் முன்னாலேயே லோடு ஏற்றிப் போனாள். அவள் மனசில் இருந்தது வேறு. என்றைக்காவது ஒரு மழை நாளில் அவன் வண்டி அதே சரிவில் சிக்கும். அன்றைக்கு அவள் பக்கத்தில் போய் நிறுத்துவாள். ஒரு சிகரெட் நேரம் அவன் முகத்தையே பார்ப்பாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்க்கொண்டே இருப்பாள். அவன் செய்தது என்ன என்று அப்போது அவனுக்கு உறைக்கும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். ஈரக் களிமண்ணில் நிறுத்தின வண்டி மறுபடி கிளம்பாது. போன மழைக்கு வெறும் வண்டியை வைத்து அவளே சோதித்துப் பார்த்தாள். நிறுத்தினாள், எடுத்தாள், ஒரு சக்கரம் கிர்ரென்று சுற்றியது, வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. யாரோ வந்து இழுத்துவிட்டார்கள். பழிவாங்கப் போன இடத்தில் அவன் பக்கத்தில் அவளும் சேற்றில் உட்கார்ந்திருந்தால் ஊரே சிரிக்கும். அதனால்தான் அரைநூலிடம் வந்தாள்.

அரைநூல் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து விடுவித்தார். "இந்தப் பக்கத்தைக் கையால சுத்து" என்றார். சுற்றினாள். அந்தப் பக்கச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றியது.

"பார்த்தியா? நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியல் பண்ற வேலை இது. ரோட்டுல திரும்புறப்போ வெளிச் சக்கரம் வேகமா போகணும், உள் சக்கரம் மெதுவா போகணும், அதுக்கு இது நல்லது. ஆனா சேத்துல இறங்கினா புத்தி கெட்டுப்போயிடும். எந்தச் சக்கரம் வழுக்குதோ அதுதான் சுத்தித் தொலைக்கும். காலூன்றி நிக்கிற சக்கரம் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கும்."

"தெரியும். பார்த்திருக்கேன்" என்றாள்.

புது லாக்கர் அட்டைப் பெட்டியில் இருந்தது. சுவிட்சைப் போட்டால் காற்று அழுத்தத்தில் உள்ளே பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டு சக்கரமும் ஒரே இரும்புத் துண்டு போலச் சேர்ந்து சுற்றும். அரைநூல் பழைய ஆயிலை வடித்தார். கருகருவென்று நாறிக்கொண்டு வந்தது. இரண்டு ஆக்ஸிலையும் உருவி, நடுவில் இருந்த கிரவுன் பல்சக்கரத்தைக் கழற்றி, லாக்கரின் புதுக் கூட்டில் வைத்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார். கிரவுன் பல்லும் அதைச் சுழற்றுகிற பினியன் பல்லும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்கப் பல்லில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிவிட்டார். அவள் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓரத்துல கடிக்குது" என்றார்.

"எனக்குச் சரியாத்தானே தெரியுது?"

"உனக்குத் தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் போனா பல்லு பல்லா உதிரும், அப்போ எனக்குத் தெரியும்." திரும்பவும் கழற்றி, காகிதம் போல மெலிந்த ஷிம் தகடு ஒன்றை மாற்றிப் போட்டார். திரும்பவும் பசை. திரும்பவும் கழற்றல். மூன்றாம் தடவை அவள் பொறுமை போய்விட்டது. "யோவ், இது என்ன, கல்யாணத்துக்கு நகையா செய்றே?" என்று கத்தினாள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நான்காம் தடவை மஞ்சள் பசை பல்லின் நடுவில் அழகாகப் பதிந்தது. அரைநூல் முதல் முறையாகச் சிரித்தார்.

டேஷ்போர்டில் ஒரு சிவப்புச் சுவிட்ச் வந்து உட்கார்ந்தது. "காஞ்ச ரோட்டுல இதைத் தொடாதே, திருப்பத்துல ஆக்ஸில் முறிஞ்சிடும். கொஞ்ச நாளைக்கு லோடு குறைச்சு ஓட்டு. அப்புறம் ஒரு தடவை ஆயில் மாத்து" என்றவர், தயங்கி, "நீ எதுக்காக இதைப் போடுறேன்னு நான் கேட்கல. ஆனா தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா சரி" என்று வண்டியை எடுத்தாள்.

மழை வந்தது. அவள் மூன்று வாரம் சின்னவன் வண்டிக்குப் பின்னாலேயே அலைந்தாள். அவன் குழிக்குள் இறங்கினால் இறங்குவாள். அவன் ஏறினால் நாலு வண்டி தள்ளி ஏறுவாள். "என்ன அக்கா, கொழுந்தனாருக்குக் காவலா?" என்று ஒருவன் கிண்டல் செய்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அடுத்த கிண்டலை விழுங்கிக்கொண்டான்.

ஒரு மதியம் வானம் பொத்துக்கொண்டது. "போதும், எல்லாரும் நிறுத்துங்க" என்று மேலிருந்து சூப்பர்வைசர் கத்தினார். சின்னவன் ஏற்கெனவே கீழே முழு லோடோடு நின்றிருந்தான். அவளும்தான். அவன் ஏறினான். பாதிச் சரிவில் அவன் வண்டியின் இடது பின்சக்கரம் கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. வண்டியின் வால் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. அந்த ஓரத்துக்குக் கீழே தண்ணீர் நிறைந்த பழைய குழி.

"வந்துடுச்சு" என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

ஏறினாள். சரிவு இரண்டு வண்டி போகும் அகலம். அவனுக்குச் சரியாகப் பக்கத்தில் போய் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான். உடனே முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவன் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. வண்டி இன்னொரு சாண் ஓரத்துக்கு நகர்ந்தது. அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், அடி வயிறு வரைக்கும் இனித்தது.

ஐந்து நிமிஷம் ஆனதும் சிவப்புச் சுவிட்சைப் போட்டாள். கீழே காற்றுக் கம்ப்ரசர் உறுமி அடங்கியது. முதல் கியர் போட்டு கிளட்சை விட்டாள். இரண்டு சக்கரமும் ஒன்றாக மண்ணைக் கடித்தன, வண்டி சிணுங்காமல் முன்னால் நகர்ந்தது. அரைநூல் வாழ்க என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது சின்னவன் கதவைத் திறந்து குதித்தான். கையில் கயிறு. ஓடிவந்து அவள் வண்டிக்கு முன்னால் அதைத் தொப்பென்று போட்டான். போட்டுவிட்டு, அவளைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இப்போதும் ஒரு வார்த்தை இல்லை! நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு மழையில் இறங்கினாள்.

"என்னடா இது? வாய் எங்கே போச்சு? இழுத்து விடுங்கன்னு கேட்டா நாக்கு அறுந்துடுமா?"

அவன் திரும்பினான். மூக்கு நுனியில் மழைத் தண்ணீர் சொட்டியது.

"அன்னைக்கும் இப்படித்தான் போட்டேன் அண்ணி."

"எதை?"

"கயித்தை. அண்ணன் வண்டிக்கு முன்னால."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. ஐந்து வருஷமாக அவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒருவன் வண்டி சிக்கினால் மற்றவன் முன்னால் கெட்டித் தரை பார்த்து நிறுத்தி, கயிற்றை எடுத்துப் போட்டுவிட்டு முதுகைக் காட்டி நிற்பான். சிக்கினவன் இறங்கிக் கட்டிக்கொள்வான். மேலே போனதும் அவிழ்த்துப் போடுவான். முகம்கூடப் பார்த்துக்கொள்வதில்லை.

"அன்னைக்கு அண்ணன் இறங்கவே இல்ல. ரோஷம் கூடிப்போச்சு, என் கயிறு வேண்டாம்னு நிக்கிறாருன்னு நினைச்சேன். ஒரு சிகரெட் நேரம் நின்னேன் அண்ணி. அப்புறம் ஹார்ன் அடிச்சாரு."

"என்னது?"

"நீளமா ஒரு தடவை. கயித்தை எடுத்துக்கிட்டுப் போடாங்கிறாருன்னு நினைச்சேன். எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

அது நெஞ்சு வலியில் கூப்பிட்ட ஹார்ன். மழைச் சத்தத்தில் அவளுக்குத் தன் குரலே யாருடையதோ போல் கேட்டது. "முகத்தைப் பார்த்தியா?"

"கண்ணாடியெல்லாம் தண்ணி. பார்க்கல."

"நாலு எட்டு நடந்து போய், என்ன அண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்க முடியலையாடா பாவி?"

"எங்களுக்குள்ள பேச்சு இல்லையே அண்ணி." கொஞ்சம் நிறுத்தி, "நடுவுல கேட்டுச் சொல்ல நீங்களும் அங்க இல்ல" என்றான்.

அவள் அறைந்தாள். கை வலிக்க அறைந்தாள். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அறைந்த பிறகும் அவளுக்கு ஆறவில்லை, ஏனென்றால் அவன் கடைசியாகச் சொன்னது அவள் நெஞ்சில் போய்க் குத்தியிருந்தது. ஐந்து வருஷம் அவள் நடுவில் நின்று இங்கேயும் அங்கேயும் வார்த்தையைச் சுமந்தாள். ஒரே ஒரு நாள், "நீங்களே பேசித் தொலைங்க, நான் என்ன போஸ்ட்மேனா?" என்று கத்தியிருந்தால்? கத்தவில்லையே. அவளால்தான் அவர்களுக்குப் பேசாமல் இருப்பது அத்தனை சுலபமாக இருந்தது.

சின்னவனின் வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். போங்க, என்னை விட்டுட்டுப் போங்க என்று அந்த முகம் கெஞ்சியது. வண்டி போனால் போகட்டும், செய்த பாவம் தொலைந்தது என்று அவன் நிம்மதியாகத் தூங்கத் தயாராக இருந்தான். அவளுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. அந்த நிம்மதியை இவனுக்கு நான் கொடுப்பதா?

"கட்டுடா" என்றாள்.

"அண்ணி..."

"கயித்தைக் கட்டு. வண்டியில ஏறு. நான் இழுக்கிறப்போ நீயும் முதல் கியர்ல மெதுவா கொடு."

கட்டினான். அவள் ஏறி வண்டியை அவன் வண்டிக்கு நேர் முன்னால் கொண்டுவந்தாள். கயிறு விறைத்தது. எஞ்சின் முக்கியது, பின்பக்கம் ஒரு முறை குலுங்கியது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு அடி, இன்னொரு அடி என்று இழுத்தன. ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த வண்டி நடுப்பாதைக்கு வந்தது. இரண்டு லோடும் தெறித்த சேறுமாக மேலே போய்ச் சேரும்வரை அவள் கண்ணாடியில் ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

மேலே அவன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு அவள் ஜன்னலோரம் வந்தான். கொட்டகையில் ஒதுங்கியிருந்த டிரைவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க அண்ணி. என்கூடப் பேசவே வேண்டாம். எனக்கு அந்தத் தகுதி இல்ல" என்றான்.

"ஓஹோ! அவ்வளவு சௌகரியமா போச்சா உனக்கு?" என்றாள். "பேசாம இருந்து இருந்துதானே ஒரு உயிரை முழுங்கினீங்க? ரெண்டு வருஷமா நானும் பேசாம இருந்து உனக்குக் குடை பிடிச்சிருக்கேன். நானும் கேட்கல, நீயும் சொல்லல, நல்லா ஒளிஞ்சுக்கிட்டே. அதெல்லாம் இன்னையோட முடிஞ்சது. நாளையிலிருந்து நான் பேசுவேன். தினமும் பேசுவேன். நீ பதில் சொல்லணும்."

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. கயிறு கையிலிருந்து நழுவியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை எடைமேடையில் பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. அவள் இறங்கி, அத்தனை பேரையும் தாண்டி நடந்துபோய், அவன் ஜன்னலில் கையை ஊன்றி நின்றாள்.

"தம்பி, சாப்பிட்டியா?"

அந்தக் கேள்வியைக் கேட்டு அவன் கண்ணில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. "சாப்பிட்டேன் அண்ணி."

"நல்லது. அன்னைக்கு உங்க அண்ணன் எத்தனை தடவை ஹார்ன் அடிச்சாரு?"

வரிசையில் தலைகள் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. யாரோ எஞ்சினை அணைத்தார்கள்.

"அண்ணி, வேண்டாம்..."

"கேட்கிறேன்ல? சத்தமா சொல்லு, அவங்களுக்கும் கேட்கட்டும்."

"ஒரு தடவை."

"நீ என்ன பண்ணினே?"

அவன் சொன்னான். குரல் உடைந்து, பாதி விழுங்கி, கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள். "சரி. தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்கு நடந்தாள். அந்த ஹார்ன் அவள் காதிலும்தான் நீளமாக அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தனக்கும் அது வேண்டியதுதான்.

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் அவன் விடியற்காலையிலேயே வந்து லோடு ஏற்றிக்கொண்டு ஓடிவிடப் பார்த்தான். அவள் அவனுக்கு முன்பே வந்து எடைமேடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தாள்.